ஆதி பௌத்தமும் அதன் அருஞ்சொற்களும்

ஒரு சமயத்தை அறிய விரும்புவோர் முதற்கண் அறிதற்குரியன அச்சமயத்தார் ஆளுஞ் சொற்களேயாம். முற்றும் அறியாத சொல் ஒருவரை ஏமாற்றுவதில்லை. அதனைக் கண்டவுடன் அகராதியை நாடுகின்றோம். அல்லது அறிந்தாரை வினவுகின்றோம். அறிந்த சொல்லே ஏமாற்றும். நமக்கு நாளும் பழகிய சொல்லொன்று பிற சமயத்தார் நூலில் வேறு பொருளில் வருமாயின், அவ்வேறுபாட்டை நாம் ஐயுறுவதுமில்லை. நம் பொருளையே அவர்மேல் ஏற்றி, அவர் கூறுவது பொருந்தாதென்று எளிதில் முடிவுசெய்துவிடுகின்றோம்.

பௌத்த சமயத்தைக் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்கு இவ்விடர் பெரிது. பௌத்த நூல்களின் மொழியாகிய பாளியும், நமது சைவ நூல்களிலும் அன்றாட வழக்கிலும் பயிலும் வடசொற்களும் ஒரே சொல்வளத்தினின்றும் வந்தவை. வேதனை, சங்காரம், விஞ்ஞானம், உபாதானம், சாதி, சதி, சமாதி, நிர்வாணம் என்பன யாவும் நாம் அறிந்த சொற்கள். ஆயின் வீட்டிலும் வீதியிலும் நாம் இவற்றுக்குக் கொள்ளும் பொருளைக் கொண்டு பௌத்த நூல்களைப் படிப்போமாயின், ஒவ்வொரு பக்கத்திலும் இடறி விழுவோம்.

இந்நாட்டிலே இந்து மாணவனும் பௌத்த மாணவனும் பல்கலைக்கழகத்தில் ஒரே வாங்கில் அமர்கின்றனர். அலுவலகங்களில் அருகருகே இருந்து தொழில் செய்கின்றனர். ஒருவர் கொள்கையை மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. ஒப்பினும் மறுப்பினும், மெய்யாகக் கூறப்பட்டதனை அறிந்து அவ்வாறு செய்தல் கற்றார்க்குக் கடனாகும். அக்கடனுக்குச் சிறிது துணையாகுமென எண்ணி, ஆதி பௌத்தத்தின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை இம்மலரில் விளக்க முயல்கின்றோம்.

ஆதி பௌத்தம் யாது?

சிவஞானசித்தியார் பரபக்கத்தைப் பயின்றோர் பௌத்தரை நால்வகையினராக அறிவர். சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்போர் அவர். இந்நால்வர் கொள்கைகளும் புத்தர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளின் பின்னர் வளர்ந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் அப்பிற்காலப் பிரிவுகளையே எடுத்து மறுத்தார். எனவே பரபக்கத்தை மட்டும் படித்தவர், புத்தர் தாமே போதித்தவை எவையென்பதை அறிந்தவராகார்.

அதனை அறிதற்குரிய பழைய மூலங்கள் பாளி மொழியிலுள்ள தீக, மச்சிம, சங்யுத்த, அங்குத்தர நிகாயங்கள் நான்கும், குத்தக நிகாயத்துள் அடங்கிய சுத்தநிபாதம், தம்மபதம் முதலிய சில நூல்களுமாம். இந்நிகாயங்களுக்கு இணையான தொகுதிகள் சீன மொழிபெயர்ப்பில் ஆகமங்கள் என்னும் பெயரால் நிலவுகின்றன. இங்கு ஆகமம் என்றது சைவாகமத்தை அன்று. ஆசிரியர் வழிவழியாகக் கையளித்து வந்த புத்தர் உபதேசத் தொகுதியையே. பாளி நிகாயங்களுக்கும் சீன ஆகமங்களுக்கும் பொதுவாயுள்ள உபதேசத்தையே ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஆதி பௌத்தம் என வழங்குகின்றனர்.

இவ்வுபதேசங்கள் பல தலைமுறைகளாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தன. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சிக்காலத்தில், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதென இலங்கை மரபு கூறும். அது நிகழ்ந்த இடம் மாத்தளைக்கு அணித்தாயுள்ள அலுவிகாரை என்பர். பௌத்தக் கருத்துக்கள் நான்கு வாய்மை, ஐந்து கந்தம், எட்டு நெறி, பன்னிரண்டு சார்பு என எண்ணால் தொகுக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். ஏடின்றி மனத்திற் கொள்வார்க்கு எண் ஒரு கயிறாக உதவிற்று. ஒன்று மறந்தால் எண் குறையும். குறை உடனே தெரியும்.

சாத்தனார் காட்டிய வழி

தமிழ்மொழி இச்சொற்களை இன்றுதான் எதிர்கொள்கின்றது என எண்ணுதல் கூடாது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முப்பதாங் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறத்தைப் போதிக்கின்றார். அப்போதனையிற் பாளியிலும் வடமொழியிலும் வழங்கிய கலைச்சொற்கள் பல தூய தமிழ்ச் சொற்களாக மாற்றப்பட்டுள்ளன. மயக்கந் தரக்கூடிய வடசொல்லை விலக்கித் தமிழர்க்குப் பொருள் தெளிவாகுஞ் சொல்லை அவர் தேர்ந்த திறத்தைக் கீழே ஒவ்வோரிடத்திலும் காட்டுவோம்.

ஆயின் பௌத்தம் தமிழ்நாட்டில் அருகிய பின்னர் அச்சொற்களின் பொருளும் வழக்கொழிந்தது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, அதிலுள்ள பௌத்தக் கருத்துக்களை விளக்கவல்ல தமிழ்ப் புலவர் எவரும் அவர்க்குக் கிடைத்திலர். கும்பகோணம் கல்லூரியில் உடனாசிரியராயிருந்த இரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் கூற, ஐயரவர்கள் சிறிது சிறிதாக அறிந்து, 1898 ஆம் ஆண்டில் அரும்பதவுரையுடன் நூலை வெளியிட்டார்கள். தமிழ்ச் சொல்லின் பொருளைத் தமிழ்ப் பேரறிஞரொருவர் ஆங்கில நூல் வாயிலாக அறிய நேர்ந்தமை சிந்தித்தற்குரியது. சொல் ஏட்டில் நின்றாலும், அதனை விளக்குவார் இல்லையெனின் பொருள் அழிந்துவிடும்.

துக்கம்

புத்தர் காசிக்கு அண்மையிலுள்ள இசிபதனத்தில் ஐந்து துறவியர்க்கு முதலிற் போதித்தவை நான்கு வாய்மைகள். துக்கம், துக்க உற்பத்தி, துக்க நிவாரணம், துக்க நிவாரண மார்க்கம் என்பன அவை. இவற்றின் முதலிலே துக்கம் நிற்பது கண்டு, பௌத்தம் வாழ்வை வெறுக்குஞ் சமயம் என்று கூறுவார் உளர். நமது வழக்கிலே துக்கம் என்பது மரண வீட்டைக் குறிக்கும் சொல்லாதலின் இம்மயக்கம் இயல்பானதே.

பாளி நூல்களில் துக்கம் மூவகைப்படும். நோய், காயம், இழவு முதலியவற்றால் வரும் வெளிப்படையான துன்பம் ஒன்று. இன்பம் மாறுவதனால் விளைவது மற்றொன்று. காரணங்களாற் கூட்டப்பட்ட எதுவும் நிலையான புகலிடமாகாமை மூன்றாவது. பழைய மாணவர் பல ஆண்டுகளின் பின் ஒன்றுகூடும் நாள் இன்பமான நாளே. அதனைப் புத்தர் மறுத்திலர். மாலையிற் பிரியும்போது தோன்றும் ஏக்கமோ வெளியிலிருந்து வந்ததன்று. காலையில் இருந்த மகிழ்ச்சியின் மறுபுறமே அது. துக்கம் என்பதைத் துன்பம் என்பதோடு 'நிறைவின்மை' என்றும் பொருள்கொண்டு படித்தால் பல இடங்கள் தெளிவாகும்.

நான்கு வாய்மைகளும் மருத்துவன் முறையை ஒத்தன. நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அது தீரக்கூடியதென அறிந்து, தீர்க்கும் மருந்தை வகுத்தல் மருத்துவன் செயல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று. மேலும், இவ்வாய்மைகள் நம்பி ஏற்கவேண்டிய கொள்கைகளாக மட்டும் அருளப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் விதிக்கப்பட்டுள்ளது. துக்கம் முற்றும் அறியப்படவேண்டியது, அதன் காரணம் கைவிடப்படவேண்டியது, அதன் நீக்கம் நேரிற் காணப்படவேண்டியது, நெறி பயிலப்படவேண்டியது. இந்நான்கு செயல்களையும் மறந்து வாய்மைகளை மட்டும் ஒப்புவிப்பவன், மருந்துச் சீட்டை வாசித்துவிட்டு மருந்தை உண்ணாத நோயாளனை ஒப்பான்.

துக்கத்தின் காரணத்தைப் பாளி நூல்கள் தண்ஹா என்னும். நீர்வேட்கை என்பது அதன் நேர்ப்பொருள். சாத்தனார் வேட்கை என்றே பெயர்த்தமை மிகப் பொருத்தமாம். இது மூவகைப்படும்: புலனின்பத்தை வேட்டல், மேலும் மேலும் இருத்தலை வேட்டல், இல்லாதொழிதலை வேட்டல். மூன்றாவதனை உற்றுநோக்குக. வாழ்வை வெறுத்து அழிந்துபோக விரும்புதலையும் புத்தர் வேட்கையென்றே விலக்கினார். பௌத்தம் அழிவை நாடுஞ் சமயம் என்பார்க்கு இவ்வொரு சொல்லே விடையாகும். நன்மை செய்யவேண்டும், நெறியிலே முயலவேண்டும் என்னும் விருப்பத்தை நூல்கள் வேறு சொல்லாற் சுட்டும்; அதற்குச் சந்தம் என்பது பெயர். எனவே விருப்பம் யாவும் தீது என்பதும் பௌத்தர் கொள்கையன்று.

ஐந்து கந்தங்கள்

மனிதன் என நாம் கூறுவதனைப் புத்தர் ஐந்து தொகுதிகளாகப் பகுத்தார். கந்தம் என்பது தொகுதி அல்லது குவியல். ரூபம், வேதனை, சஞ்ஞை, சங்காரம், விஞ்ஞாணம் என்பன அவ்வைந்து. இவ்விடத்திலேதான் தமிழ் மாணவர் மிகுதியும் மயங்குவர்.

வேதனை என்றால் நமக்கு நோவு. பாளியிலோ அது நுகர்ச்சி. இன்ப நுகர்ச்சி, துன்ப நுகர்ச்சி, இரண்டுமல்லாத நுகர்ச்சி என மூன்றுக்கும் அதுவே பெயர். இனிய மாம்பழத்தைச் சுவைக்கும்போது எழுவதும் வேதனையே. இப்பொருளை அறியாதவர், மனிதனின் ஐந்திலொரு பங்கு வேதனையெனப் புத்தர் கூறினார் என்று எண்ணி வியப்பர். சாத்தனார் நுகர்ச்சி என்று எழுதி இம்மயக்கத்தை முன்னரே தடுத்துவிட்டார்.

சங்காரம் என்னுஞ் சொல் இதனினும் பெருமயக்கந் தருவது. இறைவனுடைய ஐந்தொழில்களுள் சங்காரம் அழித்தற்றொழில் என்பதைச் சைவச் சிறுவரும் அறிவர். பாளியில் வழங்கும் சங்காரம் வேறு சொல். வடமொழிச் சம்ஸ்காரத்தின் திரிபு. ஆக்குதல், கூட்டுதல், கூட்டப்பட்ட பொருள் என்பன அதன் பொருள்கள். ஆகவே ஓசையிலொத்த இரு சொற்கள் நேர்மாறான பொருளைத் தருகின்றன. ஐந்து கந்தங்களுள் ஒன்றாக வரும்போது அது மனத்தை உருவாக்கும் எண்ணங்கள், விருப்பங்கள், பழக்கங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். சாத்தனார் கந்தங்களுள் இதனைப் பாவனை என்றும், சார்புகளுள் இதனைச் செய்கை என்றும் வழங்குகின்றார்.

சஞ்ஞை என்பது ஒரு பொருளை இன்னதென அடையாளங் காணுதல். சாத்தனார் வாக்கில் குறிப்பு. விஞ்ஞாணம் இக்காலத்து நாம் பாடசாலையிற் பயிலும் விஞ்ஞானமன்று. கண்ணும் உருவமும் கூடும்போது எழும் காண்டலுணர்வு, செவியும் ஒலியும் கூடும்போது எழும் கேட்டலுணர்வு என வாயிலுக்கொன்றாகத் தோன்றும் உணர்வே அது. ரூபம் என்பது உடலும் ஏனைய பருப்பொருளுமாம்.

அனத்தா

இவ்வைந்தினும் யாது 'நான்'? இசிபதனத்தில் அருளிய இரண்டாவது உபதேசத்தில் இவ்வினாவையே புத்தர் ஆராய்ந்தார். உடல் மெய்யாகவே எனது தன்மையாயின், அது நோயுறாதிருக்கவும் நான் விரும்பியவாறே அமையவும் வேண்டும், அவ்வாறு அமைவதில்லை. நுகர்ச்சியும் குறிப்பும் ஏனையவும் அத்தகையனவே. நிலையற்றதாய், துக்கத்துக்கிடமாய், மாறுந் தன்மையதாய் உள்ளதை 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' எனக் கொள்ளுதல் தகாது என்பது அவர் முடிவு. இதுவே அனத்தா, அஃதாவது ஆன்மா அல்லாமை.

இங்கே நூல்கள் சொல்லை மிக நுணுக்கமாகக் கையாள்கின்றன. நிலையாமையும் துக்கமும் சங்காரங்கள் யாவற்றுக்கும் உரியன என்பர். ஆன்மா அல்லாமையைக் கூறுமிடத்து மட்டும் தம்மங்கள் யாவற்றுக்கும் உரியது என்பர். தம்மம் என்பது அறம், உபதேசம், இயற்கை நியதி எனப் பல பொருள்படினும், இவ்விடத்தில் உள்ளதாகிய எதனையும் குறிக்கும். நிர்வாணம் காரணங்களாற் கூட்டப்பட்டதன்று, ஆதலின் அது சங்காரமாகாது, தம்மமாகும். அது நிலையாமையும் துக்கமும் அற்றது. எனினும் அதனையும் 'நான்' எனப் பற்றலாகாது என்பதே சொல் மாறியதன் கருத்து.

சைவ சித்தாந்தத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இவ்விடத்தில் தோன்றுகின்றது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது நம் சித்தாந்தம். சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உடலினும் பொறியினும் வேறாய் உயிர் உண்டென நிறுவுகின்றது. இவ்வேறுபாட்டை மூடிமறைத்து இரண்டும் ஒன்றெனக் கூறுதல் இரு சமயத்துக்கும் நன்மையாகாது. அதே வேளையில், உயிர் இல்லை, இறந்தால் யாவும் முடிந்தது என்னும் உலகாயதர் கொள்கையைப் புத்தர்மேல் ஏற்றுவதும் முறையன்று. நிலையான ஆன்மா உண்டென்பது சாசுவதவாதம், இறப்போடு அறுந்துவிடும் என்பது உச்சேதவாதம் எனக் கூறி, இரண்டையும் விலக்கிய நடுநெறியே தமதென்றார். வச்சகோத்தர் என்னும் துறவி, ஆன்மா உண்டோ இல்லையோ என்று வினவியபோது புத்தர் மௌனமாயிருந்தார். எவ்விடை கூறினும் அவர் ஏதேனுமொரு வாதத்துட் சிக்குவார் அல்லது மேலும் மயங்குவார் என்பதனாலேயே வாளாவிருந்ததாகப் பின்னர் ஆனந்தருக்கு விளக்கினார்.

சார்பிற் றோற்றம்

ஆன்மா இன்றேல் பிறவி எங்ஙனம் தொடரும் என்னும் வினா உடனே எழும். இதற்கு விடையாக உள்ளதே பாளியிற் பட்டிச்சசமுப்பாதம் எனப்படும் சார்பிற் றோற்றக் கொள்கை. ஒன்று உளதாக மற்றொன்று உளதாகும்; அது நீங்க இதுவும் நீங்கும் என்பது அதன் சுருக்கம். இதனைப் பன்னிரண்டு சார்புகளாக விரிப்பர்.

நான்கு வாய்மைகளை அறியாமை பேதைமை, பாளியில் அவிச்சை. பேதைமையைச் சார்ந்து, முன்னர்ச் சங்காரம் எனக் கண்ட செய்கை எழும். செய்கையைச் சார்ந்து உணர்வு தோன்றும். உணர்வைச் சார்ந்து பாளியில் நாமரூபம் எனப்படுவது தோன்றும். நாமம் என்றது இவ்விடத்துப் பெயரையன்று, மனத்தையே. அதனாற் போலும் சாத்தனார் அருவுரு என்றார். அதனைச் சார்ந்து கண் முதலிய ஐம்பொறியும் மனமுமாகிய ஆறு வாயில்கள் அமையும். வாயிலும் பொருளும் கூடுதல் ஊறு. ஊற்றினால் நுகர்வும், நுகர்வினால் வேட்கையும், வேட்கையினாற் பற்றும் உண்டாகும். பற்றினால் பவமும், பவத்தினால் தோற்றமும் உளவாகும். தோற்றத்தைச் சார்ந்து மூப்பும் சாவும் அவலமும் வரும். இவற்றையே சாத்தனார் வினைப்பயன் என்னும் பெயரால் தொகுத்தார்.

இவற்றுள் தோற்றம் என்பதற்குப் பாளிச் சொல் சாதி. பிறத்தல் என்பதே அதன் பொருள். குலப்பிரிவு என்ற பொருளிலும் அச்சொல் அந்நாளில் வழங்கியதுண்டு. சுத்தநிபாதத்திலுள்ள வாசெட்ட சுத்தத்திலே, புல்லுக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் பறவைக்கும் பிறப்பினால் அமைந்த வேற்றுமைக் குறிகள் உள்ளனபோல மனிதருக்குள் இல்லையென்று புத்தர் எடுத்துக்காட்டி, ஒருவன் தன் செயலினாலேயே உயர்ந்தோனாவான் என்றார். சாதி என்னுஞ் சொல்லுக்குப் பிறப்பு என்னும் நேர்ப்பொருளை மீட்டுக்கொடுப்பின், மனிதர் யாவர்க்கும் அது ஒன்றே என்பது அவ்வுபதேசத்தின் பயனாகும்.

பற்று என்பதன் பாளிச் சொல் உபாதானம். தருக்கமும் சித்தாந்தமும் பயின்றோர் உபாதானம் என்றதும் குடத்துக்கு மண் போன்ற முதற்காரணத்தை நினைப்பர். பாளியில் அதற்குப் பற்றுதல் என்பதோடு விறகு, எண்ணெய் முதலிய எரிபொருள் என்னும் பொருளும் உண்டு. தீ விறகைப் பற்றி எரிகின்றது என்று தமிழிலும் கூறுகின்றோம் அல்லவா? பற்றுதல் என்னும் ஒரே வினை இரு பொருளையும் தாங்குதலின், தமிழில் இச்சொல்லை உணர்தல் மிக எளிது. வேட்கையாற் பற்றுகின்ற மனம் விறகைப் பற்றிய தீயைப் போன்றது, பற்றும்வரை எரியும்.

பிறவித் தொடருக்கும் இவ்வுவமையே உதவும். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது, முதல் விளக்கினின்றும் ஒரு பொருள் பெயர்ந்து செல்வதில்லை. எனினும் இரண்டாவது முதலாவதைச் சார்ந்தே எரிகின்றது. இவ்விளக்குவமை மிலிந்த அரசனுக்கு நாகசேனர் கூறியதாக மிலிந்தபஞ்ஹத்தில் வருவது. நிகாயங்களுக்குப் பிற்பட்டதாயினும் அவற்றின் கருத்தோடு இயைந்தது.

கம்மம்

கன்மம் அல்லது வினை என்பதும் நமக்குப் பழகிய சொல். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என அதனைப் பகுத்துக் கற்றுள்ளோம். வினை சடமாதலின் அதன் பயனை இறைவனே கூட்டுவிக்கின்றான் என்பது சைவர் துணிபு. பௌத்தத்திலே பயனைக் கூட்டுவிப்பார் ஒருவரில்லை. விதை முளைத்தல்போல வினை தானே பயன்தரும் என்பர். மேலும் கம்மம் என்பதற்குப் புத்தர் கூறிய இலக்கணம் சேதனை, அஃதாவது கருதிச் செய்தல். அறியாது காலடியில் எறும்பு மிதிபடுதலும், வேண்டுமென்றே மிதித்தலும் புறத்தே ஒன்றுபோற் றோன்றினும், பின்னதே கம்மமாகும்.

வருவன யாவும் முன்வினையின் பயன் என்பது பௌத்தம் எனப் பலர் கருதுகின்றனர். சங்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகர் என்னும் துறவி இதனையே வினவினார். புத்தர் உடன்பட்டிலர். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றன் கலப்பு, பருவ மாற்றம், உடலைத் தகாதவாறு பேணுதல், பிறர் தாக்குதல், கம்மத்தின் விளைவு என நுகர்ச்சிக்கு எட்டுக் காரணங்களை அவர் எண்ணினார். எட்டனுள் கம்மம் ஒன்றே. நோயாளனைக் கண்டு 'இவன் வினை' என்று கூறிக் கடந்து செல்வார்க்குப் புத்தர் வாக்கிலே ஆதாரமில்லை.

நிர்வாணம்

நிர்வாணம் என்றவுடன் ஆடையின்மையை நினைத்தல் உலக வழக்கு. சைவர் நிர்வாண தீக்கையையும் நினைப்பர். பாளியில் நிப்பானம் என வழங்கும் இச்சொல் தீ அவிதலைக் குறிப்பது. அவிவது யாது? ராகம், தோசம், மோகம் என்னும் மூன்று தீக்கள். அவாவும் வெகுளியும் மயக்கமும் என்க. உபாதானம் எரிபொருள் எனக் கண்டோம். எரிபொருள் அற்றபோது தீ அவிதல் இயல்பு. இரு சொற்களும் ஓர் உவமையின் இரு பாதிகள். ஒன்றை அறியாதார்க்கு மற்றது விளங்காது.

நிர்வாணம் இறந்தபின் மட்டும் அடையும் நிலையுமன்று. புத்தர் தமது முப்பத்தைந்தாம் வயதிற் போதியடைந்து, அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊரூராய்ச் சென்று போதித்து, எண்பதாம் வயதில் குசினாராவிற் பரிநிர்வாணமடைந்தார் என்பது மரபு. அந்நாற்பத்தைந்து ஆண்டுகளும் அவர் நிர்வாணம் எய்தியவராகவே நடமாடினார். அதன்பின்னர் அவர் எங்கே சென்றார் என வினவலாம். முற்கூறிய வச்சகோத்தரே இத்தகைய வினாவையும் எழுப்பியவர். எரிந்தவிந்த தீ எத்திசையிற் சென்றதென வினவுதல் பொருந்தாதவாறுபோல இவ்வினாவும் பொருந்தாது என்பதே அவர் பெற்ற விடை.

நெறி

துக்க நிவாரணத்துக்குரிய நெறி எட்டுறுப்புடையது. நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி எனத் தமிழில் அவற்றை வழங்குவர். இவை படிப்படியாக ஒன்றை முடித்தபின் மற்றொன்றைத் தொடங்கும் ஏணிப்படிகளல்ல. ஒரு கயிற்றின் புரிகள்போல ஒருங்கு பயிலப்படுபவை. வாய்மையும் செய்கையும் வாழ்க்கையும் சீலம். முயற்சியும் கடைப்பிடியும் அமைதியும் சமாதி. காட்சியும் ஊற்றமும் பஞ்ஞை, அஃதாவது மெய்யறிவு.

இவற்றுள் கடைப்பிடி என்பதன் பாளிச் சொல் சதி. தமிழிலே சதி என்றால் வஞ்சனை. வடமொழி வழக்கிலே கற்புடையாள். பாளியிலோ அது வடமொழி ஸ்மிருதியின் திரிபாய், மறவாமையையும் விழிப்பையுங் குறிக்கும். உடலிலும் நுகர்விலும் உள்ளத்திலும் நிகழ்வனவற்றை அவ்வப்போது மறவாது நோக்கியிருத்தலே அப்பயிற்சி. சமாதி என்பதும் அடியார் அடக்கஞ்செய்யப்பட்ட இடமன்று; மனம் ஒரு பொருளில் ஒன்றிநிற்கும் அமைதி. யோகநூல் கற்றார்க்கு இப்பொருள் பழக்கமானதே.

முடிவுரை

மேலே கண்ட சொற்களை மீண்டும் நோக்குக. வேதனையை நோவென்றும், சங்காரத்தை அழிவென்றும், நிர்வாணத்தை வெறுமையென்றும் கொண்டு படிப்பவருக்குப் பௌத்தம் இருள் சூழ்ந்த சமயமாகவே தோன்றும். அவர் மறுப்பது பௌத்தத்தையன்று. தமது தவறான மொழிபெயர்ப்பையே. ஆன்மா உண்டோ, வினைப்பயனை ஊட்டுவிக்கும் இறைவன் உண்டோ என்னும் வினாக்களில் இரு சமயமும் மெய்யாகவே வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளை எடுத்து ஆராய்தல் அறிவுக்கு விருந்து. சொல்மயக்கத்தால் எழும் பகையோ எவருக்கும் பயனற்றது.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். பௌத்த நண்பரொருவர் வாயிலோ நூலிலோ பழகிய சொல்லொன்றைக் கேட்கும்போது, 'இச்சொல்லுக்கு நீவிர் கொள்ளும் பொருள் யாது?' என்று முதலில் வினவுக. நம் நூல்களில் வரும் பதி, பசு, பாசம், மலம், அருள் என்னுஞ் சொற்களைக் குறித்து அவரும் அவ்வாறே வினவுதற்கு இடங்கொடுக்க. மணிமேகலையின் முப்பதாங் காதையைக் கல்லூரி நூல்நிலையத்தில் எடுத்து, அரும்பதவுரையோடு ஒருமுறை படிக்க. அயலார் சமயத்தின் சொற்களை நம் மொழியிலே செம்மையாகச் சொல்லும் திறன் தமிழுக்கு முன்னரே இருந்தது. அத்திறனைப் பேணுவார் இன்மையால் ஒருகால் அதனை இழந்தோம். மீண்டும் இழவாதிருத்தல் கற்பார் கையில் உள்ளது.